கடலடிப் பனிக்கட்டியும் நாலு மணி அழைப்பும்

பிப்ரவரி 3
பட்டியலில் என் பெயர். துளையிடும் கப்பலில் பதினெட்டு நாள். கடலுக்கு அடியில் எரிவாயு பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. அதை எடுக்க முடிந்தால் நாடு வெளியே வாங்குவது குறையும். எல்லாம் சரி, பாப்பாவுக்கு ஒன்றரை வயது. நான் குளிக்கப் போனாலே ஊரைக் கூட்டுகிறவள். அவள் அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. "போயிட்டு வா. நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரனா?"

பிப்ரவரி 6
அவருக்குக் குறிப்பு எழுதி வைத்தேன். ஒன்பது பக்கம். காய்ச்சலுக்கு மட்டும் இரண்டு. படித்துவிட்டு, பரீட்சை எப்போது என்று கேட்கிறார்.

பிப்ரவரி 14
கப்பல். வாந்தி.

பிப்ரவரி 16
முதல் குழாய் மேலே வந்தது. உள்ளே கடலடி மண்ணும் பனிக்கட்டியும். மேலே வந்ததுமே பனிக்கட்டி கரைந்து வாயுவாகத் தொடங்கிவிடும். கரைகிற இடம் சில்லிடும். வெப்பக் கேமராவில் நீலமாகத் தெரியும். உடனே அங்கே வெட்டிக் குளிர்கலத்தில் போட வேண்டும். சில நிமிடம்தான் கிடைக்கும். கேமரா என் கையில். கண்ணோ கடிகாரத்தில் — பாப்பா தூங்கி எழும் நேரம். வெட்டியபோது வெறும் சேறு, சோப்பு மாதிரி நுரைத்துக்கொண்டு.
குழுத் தலைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உடம்பு மட்டும் வந்திருக்கு போல" என்றார்.
எனக்கு என்னதான் ஆச்சு? அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல.

பிப்ரவரி 17
வீட்டோடு பேசத் தினமும் நாலு மணிக்குப் பத்து நிமிடம். இன்று பத்தும் "சாப்பிட்டாளா"விலேயே போயிற்று. பாப்பா போனை நக்கினாள்.

பிப்ரவரி 20
மூன்றே முக்காலுக்குக் குழாய் வந்தது. கேமராவோடு அதன் நீளத்துக்கும் ஓடினேன். முழ நீளத்துக்கு நீலம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறமும். இங்கே வெட்டு, அங்கே வேண்டாம் என்று நான் கத்த, ஆறு துண்டு பத்திரமாகக் கலத்துக்குள் போயிற்று. ஆய்வறையில் ஒரு துணுக்கைத் தலைவி கொளுத்திக் காட்டினார். ஐஸ் எரிகிறது, தண்ணீரும் சொட்டுகிறது. வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.
நிமிர்ந்தால் மணி ஐந்தரை.
கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நிமிடம் வாங்கினேன். என்ன பொய் சொல்வது? ஒன்றும் தோன்றவில்லை. மறந்துவிட்டேன் என்றேன்.
"பாப்பாவையா?"
"ஆமா."
 "அப்பாடா. அவளும் ரெண்டு நாளா உன்னைத் தேடலை. சொன்னா அழுவியேன்னுதான் சொல்லல."
அழத்தான் செய்தேன், கொஞ்சம். ஏழு மணிக்கு அடுத்த குழாய்.