ஒன்னிக் ஐயாவின் தண்ணீர்ப் பாட்டு

மார்சேய், செவ்வாய் காலை

அன்புள்ள அர்ப்பெனிக்,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் சுகம்.

நேற்று ஒத்திகையில் ஒரு சின்னக் கூத்து. நம் ஊர் கியூம்ரியில் பாடப்போகும் பாட்டில் எங்கள் பாடகர் ஒன்னிக் ஐயா, தண்ணீரை நாம் சொல்வதுபோல் 'ஜூர்' என்று சொல்லாமல் 'ச்சூர்' என்றார். துதுக் குழல் ஊதிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

"என்னய்யா சிரிப்பு? வெளிய போ!"

வெளியே போய் உட்கார்ந்தேன்; வேலை போயிற்று என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் ஐயாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா அப்படித்தான் சொல்லுவா. துருக்கியிலேருந்து ஓடி வந்தப்போ அவ கொண்டு வந்தது இந்தப் பேச்சு மட்டுந்தான். மாத்திப் பாடணுமா?"

"வேணாம் ஐயா. அப்படியே பாடுங்க."

"உங்க ஊர்க்காரங்க சிரிப்பாங்களோ?"

உலகமே கொண்டாடும் பாடகர், குரல் இறங்கிக் கேட்டார்.

"எம் பொண்டாட்டி முன் வரிசையில இருப்பா. அவ சிரிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டேன்.

அதனால் பதினெட்டாம் தேதி சீக்கிரம் போய் இடம் பிடி. உன் தம்பியின் வாயையும் அடக்கி வை. இங்கே குடியிருக்க அனுமதித் தாள் இன்னும் கிடைக்கவில்லை; ஊருக்கு வந்தால் திரும்ப விடமாட்டார்கள், அதனால் நான் வர முடியாது. குழலை வேறொருவர் ஊதுவார். என் கம்பளிக் காலுறையை ஐயாவிடமே கொடுத்தனுப்பு, கோபிக்க மாட்டார். பாட்டு முடிந்ததும் அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள். அவர் இங்கே திரும்பி வந்ததும் அந்தக் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

பேருந்து வந்துவிட்டது.

உன்
ஹம்பார்சும்