அச்சில் வராத வரி

மயிலாப்பூர்
12.7.1971

அன்புள்ள ஜெயா,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடுதாசியா என்று சிரிக்காதே. ஆஸ்பத்திரியை விட்டால் ஆத்துக்காரியம் என்று இருக்கிறேன். தி. நகர் பக்கம் தலைகாட்டவே முடியவில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஆண்கள் செய்துகொள்ளும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைப் பற்றிக் குப்பத்து ஜனங்களுக்கு ஒரு நோட்டீஸ். எங்கள் டாக்டர்கள் எழுதிய தமிழ் எனக்கே புரியவில்லை. பத்திரிகையில் உன் சமையல் குறிப்பைப் படித்து எங்கள் மன்னிகூட மைசூர்பாகு கிளறிவிட்டாள். அந்தத் தமிழ்தான் வேண்டும்.

உன் ஜானு

தி. நகர்
20.7.1971

அன்புள்ள ஜானு,

நோட்டீஸ் இத்துடன் இருக்கிறது. டாக்டரம்மா திருத்தலாம், கடினமாக்கக் கூடாது.

நொச்சிக்குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருவாளே சண்முகவடிவு, அவளைப் பார்த்தாலே நீ மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அவளுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். வாசற்படியில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். புரியாத இடம் வந்தால் அவள் கை நின்றுவிடும். அங்கெல்லாம் அடித்து மாற்றினேன். "குழாயை வெட்டி முடிச்சுப் போடுவார்கள்" என்றதும் முகம் சுளித்தாள். "அப்பால வேணும்னா மறுபடி புள்ள பொறக்குமாம்மா?" என்றாள். நான் அதை எழுதவே இல்லை, ஜானு. வெட்கமாகப் போயிற்று. உடனே கடைசி வரியாகச் சேர்த்தேன்: "செய்துகொண்டபின் மனசு மாறினாலும் மறுபடி பிள்ளை பிறக்காது."

அவளுக்கு ஒரு பையன், ஒரு பெண். "அப்ப யோசிக்கணும்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வரியை மட்டும் தொடாதே.

உன் ஜெயா

மயிலாப்பூர்
3.9.1971

அன்புள்ள ஜெயா,

நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நோட்டீஸ் அச்சாகிவிட்டது. கடைசி வரி அதில் இல்லை. "வெட்டி" என்பதையும் எடுத்துவிட்டு, "முடிச்சுப் போடுவார்கள்" என்று மட்டும் வைத்திருக்கிறோம். "இதைப் படித்தால் ஒருத்தன் வரமாட்டான்" என்றார் எங்கள் அதிகாரி. அவர் தலையில் மட்டும் பழியைப் போடமாட்டேன், நானும் சரி என்றேன். வருகிறவர்களிடம் டாக்டர் நேரில் சொல்லிவிடுவார் என்று ஏற்பாடு.

போன வாரம் ஏழாவது பிரசவத்துக்கு வந்தவள், என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அவள் புருஷன் இந்த ஆபரேஷனுக்கு வந்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள். பொய் ஒன்றும் எழுதவில்லையே. ஒரு வரி குறைவு, அவ்வளவுதான்.

உன் ஜானு

தி. நகர்
9.9.1971

அன்புள்ள ஜானு,

உன்னோடு சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன். பிரசவத்தில் போன அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு வரவில்லை. நேரில் சொல்வார்கள் என்றாயே, அதையாவது நீ பார்த்துக்கொள். நவராத்திரிக்கு வருகிறேன், சுண்டல் எடுத்துவை.

உன் ஜெயா

தி. நகர்
4.12.1973

அன்புள்ள ஜானு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சண்முகவடிவின் பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன. மழைக்காலத்து வாந்திபேதி, ஒரே வாரத்தில். இன்றைக்குத்தான் மறுபடி கூடையோடு வந்தாள். "டாக்டரம்மா கைல சொல்லி, எங்க வூட்டுக்காரருக்கு அந்த முடிச்ச அவுத்து வுடச் சொல்லும்மா" என்றாள்.

அவள் புருஷன் கோதண்டபாணி போன வருஷம் உங்கள் ஆஸ்பத்திரிக் கேம்பில் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டாராம். அனுப்பிவைத்ததே இவள்தான்.

"நீ வாசிச்சப்ப மறுபடி பொறக்காதுன்னு சொன்னியே. கேம்புல அதே காயிதத்த மைக்குல வாசிச்சாங்க. அந்த வரி எப்ப வரும்னு கேட்டுக்கினே நின்னேன். வரவே இல்ல. சரி, டாக்டருங்க அதுக்கும் வழி கண்டுபுடிச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன். முடிச்சுதானே. வேணும்னா அவுத்துக்கலாம்னு நான்தான் போன்னேன்."

நாள் முழுக்க வலையில் முடிச்சுப் போட்டு அவிழ்க்கிற வீடு, ஜானு. அவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? நேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லையா? எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவரை உன்னிடம் அனுப்புகிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

ஜெயா

மயிலாப்பூர்
20.12.1973

அன்புள்ள ஜெயா,

கோதண்டபாணி வந்திருந்தார். சர்ஜனிடம் காட்டினேன். மறுபடி சேர்த்துத் தைப்பது எங்கோ சிலருக்குப் பலித்திருக்கிறதாம். இவருக்கு வழியில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளியே வந்தேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். "பொங்கல் கழிச்சு வாங்கோ, பாக்கலாம்" என்றேன். வழியில்லை என்பதைச் சொல்லவில்லை. கேம்பில் அன்றைக்குக் கூட்டம் அதிகமாம், யாருக்கும் எதுவும் சொல்லவில்லையாம். இப்போதுதான் விசாரித்தேன், அதுவும் இப்போதுதான். இரண்டு வருஷமாக எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஜனங்களோடு பேச உனக்கு வரும். சண்முகவடிவிடம் நீயே சொல்லிவிடேன். அவள் அவருக்குச் சொல்லிக்கொள்வாள்.

உன் ஜானு

தி. நகர்
2.1.1974

ஜானகிக்கு,

சண்முகவடிவிடம் சொல்லிவிட்டேன். அதே வாசற்படியில், அவள் மீன் ஆயும்போது, அந்தப் பழைய கடைசி வரியையே சொன்னேன். இந்தத் தடவை அவள் கை நிற்கவில்லை.

ஆய்ந்து முடித்து, அரிவாள்மணையைக் கழுவி வைத்தாள். "அவராண்ட நான் சொல்லமாட்டேம்மா. பொங்கல் கழிச்சு அவுத்து வுட்ருவாங்கன்னு அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கினு கீறாரு" என்றாள். அன்றைக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு அவள் வருவதில்லை.

பொங்கல் கழிந்து அவர் உன்னிடம் வருவார். நீ எடுத்த வரியை நீயே சொல். நான் எழுதித்தர ஒன்றுமில்லை.

ஜெயபாரதி