நீ காலியாக வைத்த வரி

டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் நம் டீக்கடைக்காரர் இன்றும் என்னை ஒன்றும் கேட்காமல் மண் குவளையை நீட்டினார். சீனி இல்லாத டீ. நீ போய், ஊர்ப் பூஜைத் திருவிழாவும் ஒருமுறை வந்து போய்விட்டது. அவர் இன்னும் நீ சொல்லிவைத்ததையே செய்துகொண்டிருக்கிறார். குவளையோடு நடைபாதையில் நின்றுவிட்டேன். இன்று ஆபீசில் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் இதற்கா இவ்வளவு என்பார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை நீ இங்கேதான் அழைத்து வருவாய். நிரலை ஓடும் பிரதியாக மாற்றும் கம்பைலருக்குக் கொடுக்கும் ஃப்ளாகுகளை, அந்தச் சின்னச் சின்னக் கட்டளைகளைப் பற்றி ஆபீஸ் பலகையில் எழுதிக் காட்டுவது உனக்குப் பிடிக்காது. "ஒண்ணும் சொல்லாம டீ கேளு, சீனி போட்டுத்தான் வரும். பிரதியைக் கட்டித் தர்ற நம்ம பில்டும் அப்படித்தான். நாம ஃப்ளாக் எதுவும் குடுக்கலேன்னா, அதுவா நாலு ஃப்ளாகை எடுத்து கம்பைலர்கிட்ட நீட்டிடும். யார் கேட்டா?" என்பாய். உடனே கடைப்பக்கம் திரும்பி, "தாதா, சினி சாடா, துடோ!" என்று அண்ணனைக் கூப்பிட்டு, சீனி இல்லாமல் இரண்டு சொல்வாய். இரண்டாவது எனக்கு. எனக்குச் சீனி வேண்டுமா என்று மட்டும் மகாராணி ஒருநாளும் கேட்டதில்லை.

லேக் மார்க்கெட்டின் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நீ. சண்டைக்குப் பெங்காலி, வேலைக்கு ஆங்கிலம், என்னைத் திட்டுவதற்குத் தமிழ். கிடர்பூர் துறைமுகத்துக்காக நாம் எழுதிய மென்பொருள் ஒத்திகையில் உளறிய அன்று மூன்றிலும் திட்டினாய். கப்பலில் சரக்கை எங்கே எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும் கணக்கு அது. கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடக்கூடிய சரக்கு அடுக்கை, உன் கணினி தவறு என்று நிறுத்தியது. வெளியே அனுப்பக் கட்டிய பிரதியோ சரி என்றது. இரண்டும் ஒரே நிரல்தான்.

சாப்பாட்டை மறந்து தேடினாய். கணக்கு எல்லை மீறினால் அங்கேயே நிறுத்தும்படி நாம் காவல் வரிகள் எழுதியிருந்தோம். வெளியே அனுப்பும் பிரதிக்கு பில்டு தானாகச் சேர்த்த ஃப்ளாகுகளில் ஒன்று, வேகத்துக்காக அந்த வரிகளை எல்லாம் சத்தமில்லாமல் தள்ளிவிட்டிருந்தது. "தூர்! வாட்ச்மேனை அனுப்பிட்டு வீடு பத்திரம்னு சொல்றான் பாரு!" என்று பெங்காலியும் தமிழுமாகச் சலித்து மேசையைத் தட்டினாய். அன்றே, கேட்காமல் வரும் அந்த டிஃபால்ட் ஃப்ளாகுகளுக்கான வரியைக் காலியாக்கினாய். கீழே நமக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக எழுதினாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். வாயில் குழாய், கையில் குளுக்கோஸ். பேச முடிந்திருந்தால் முதலில் அந்தப் பாட்டிலைக் காட்டித்தான் "யார் கேட்டா?" என்றிருப்பாய். நர்ஸ் என்னிடம், "நீங்க ரிலேஷனா?" என்றாள். "ஆபீஸ்" என்றேன். வெளியே உட்காரச் சொன்னாள். போய் உட்கார்ந்தேன்.

இப்போது தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பில்டு அமைப்பைக் கொடுத்திருக்கிறது. ஃப்ளாகுகள் அதற்குள் பூட்டியிருக்கின்றன. நீ காலியாக வைத்த வரி இருந்தால் அது ஓடவே மறுக்கிறது. மேனேஜரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ்னு பச்சையாத்தானே இருக்கு, தாதா?"

"சத்தம் போட வேண்டிய வரியையே எடுத்துட்டா பச்சையாத்தான் சார் இருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "புரியுது. ஆனா என் கையிலயும் இல்லையே" என்றார். அந்த ஃப்ளாக் தொட முடியாதபடி காவல் வரிகளை மாற்றி எழுத அவகாசம் கேட்டேன். இந்தப் பிரதி துறைமுகத்துக்குப் போன பிறகு பார்க்கலாமாம். தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன். கோரிக்கை பதிவாகிவிட்டது என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

இன்று மதியம் உன் வரியை நானே எடுத்தேன். வேறு யாரோ எடுப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்சமாவது முரண்டு பிடிக்காதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பில்டு சமர்த்தாக ஓடி முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கிடர்பூரில் சரக்கு ஏற்றுகிறவர் திரையில் 'சரி' என்று பார்த்தால் நம்பத்தானே செய்வார்? நில் என்று அவரிடம் சொல்ல அதற்குள் இனி எதுவும் இல்லை.

ஆபீசிலிருந்து இறங்கி வரும்போது, இன்றைக்காவது சீனி போடச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். ஒரு விஷயமாவது என் சொல்லுக்கு நடக்கட்டுமே. வாயைத் திறப்பதற்குள் குவளை கைக்கு வந்துவிட்டது. "தீதி சொன்ன மாதிரி" என்றார் கடைக்காரர். அவருக்கு நீ இன்னும் அக்காதான்.

எனக்குச் சீனி பிடிக்கும். உன்னிடம் சொன்னதில்லை, அவரிடமும் சொல்லவில்லை. நீ சொல்லிவைத்ததில் இன்னும் யாரும் மாற்றாதது இது ஒன்றுதான். கசந்தது. அடிவரை குடித்தேன்.