கேசட்டில் வைத்த சந்தனப் பொட்டு

மாமா,

ஜேடர்பாளையத்தில் பெரியம்மா பேத்திக்குக் காதுகுத்து. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் வந்துவிடுவேன். சோறு மூடி இருக்கிறது, ரசத்தை மட்டும் சூடு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் வீடியோ கேம் பெட்டி பிழைத்துவிட்டது! ஆயுத பூஜையன்று லாரிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்த கை, கேசட்டுக்கும் வைத்துவிட்டது. அதுவும் பெட்டிக்குள் சொருகுகிற பக்கத்தில்; படமே வராமல் போய்விட்டது. தப்புதான். அதற்காக, "ஏம்புள்ள, சிங்கப்பூர்ச் சாமானுக்கு எவளாச்சும் சந்தனம் பூசுவாளா?" என்று உங்கள் தங்கச்சி முன்னால் கேட்டுச் சிரித்திருக்க வேண்டாம். மூன்று நாளாக நான் பேசாதது அதற்குத்தான்.

நேற்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேசட்டின் செம்புப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். சொருகும் வாய்க்குள் பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நன்றாகக் காய்ந்ததும் போட்டால், படம் பளிச்சென்று வந்தது.

இனி கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் பட்டால் களிம்பு ஏறும். பட்டறைக்குக் கொண்டுபோய்க் காற்றும் பிடிக்க வேண்டாம், அது டயர் இல்லை.

சௌந்திரம்

பி.கு.: நான் படிக்கிற ருஷ்ய நாவலில் புருஷன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் பனியில் மைல் கணக்கில் நடக்கிறார்கள். சங்ககிரி வெயிலில் அது நடக்காது.

இன்னொன்று: இரண்டாவது ஜாய்ஸ்டிக் பரணில் தூசி படிந்து கிடந்தது. அதையும் துடைத்து மாட்டிவிட்டேன். அது எனக்கு. "ஒருவாட்டி ஆடலாம், வா புள்ள" என்று கூப்பிடுங்கள், பேசிவிடுகிறேன்.