லைட்டில் வைத்த பொட்டு

சங்கரன்கோவில்

அன்பு மகள் லட்சுமிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருக்க கோமதியம்மன் துணை. மனசைக் கேட்டால் அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

உன் அண்ணி ஆனந்தி கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு அவள் அடைத்த பல்லெல்லாம் வலிக்கிறது என்று ஆட்கள் திரும்பி வருகிறார்கள். பனவடலிசத்திரத்துத் தங்கத்தாய் தாடையைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலிலேயே சத்தம் போட்டுவிட்டாள். அப்பாவுக்கு வைத்த அடைப்பும் பெயர்ந்துவிட்டது, அவர் சும்மா இருப்பாரா, சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், "இதுக்குத்தானாம்மா அஞ்சு வருசம் படிச்சே" என்று கேட்டுவிட்டார். அவள் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். நீயும் உன் பங்குக்கு, அடைத்த பசை மேலே காய்ந்து அடியில் பச்சையாக இருக்கும், பார்க்க மாட்டீர்களா என்று போனில் கடிந்துகொண்டாய்.

உன் லேபிலிருந்து நீ அனுப்பிய சின்ன மெஷினில் திங்கட்கிழமை சோதித்தாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். அடைக்கும் பசையை அதில் வைத்து, அவள் பல்லில் அடிக்கிற நீல லைட்டை அடித்தால், பசை இறுக இறுக, வெளிச்சத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்து போனில் கோடு ஏறும் என்றாயே, கோடு ஏறவேயில்லை, படுத்தே கிடந்தது. லைட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடியில் மெல்லிசாகச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பூஜையன்று மிக்ஸியிலிருந்து மோட்டார் வரைக்கும் பொட்டு வைத்த கை யாருடையது என்று உனக்குத் தெரியும். மறுநாள் அரைகுறையாகத் துடைத்தும் விட்டிருக்கிறார், உறைக்குள் இருந்ததால் இவள் கண்ணில் படவில்லை. சுத்தமாகத் துடைத்து அடித்ததும் கோடு விறுவிறுவென்று ஏறியது. அப்போதுதான் அவள் அழுதாள்.

"மாமா ஆசையா வச்ச பொட்டு அத்தை, அவுகளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உறை மாட்டும் முன் பார்க்காதது தன் தப்புதான் என்று, எல்லோரையும் கூப்பிட்டுத் திரும்ப அடைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊரில் அவள் பேர் கெடுகிறது, இவர் இன்னும் ஏசுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை மக்கா. நாளைக் காலையில் அப்பாவுக்குத்தான் முதலில் அடைக்கிறாள். கூடப் போகிறேன். அவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருக்கும்போது சொல்லிவிடுவேன், அப்போதுதான் எதிர்த்துப் பேச முடியாது.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, மகராசியாக இரு. அண்ணிக்கு மறக்காமல் போன் போடு. கோடு ஏறுகிறதா என்று கேட்காதே, சாப்பிட்டீர்களா என்று கேள்.

உன் அம்மா
முத்துமீனாள்