அரை கிளாஸ் டீ

செவ்வாய்க்கிழமை, இரவு.

குடியை நிறுத்த நினைப்பவர்களின் கூட்டம் நான் குடியிருக்கும் மாட்டுங்காவிலேயே நடக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று தாராவிக்குப் போனேன். லெதர் பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து அழுதார்கள். சகிக்கவில்லை. அவர்கள் சாராயக் கேஸ். நான் ஆபீஸ் முடிந்து வீட்டில் ஐஸ் போட்டுக் குடிப்பவன். அவர்களோடு எனக்கென்ன பேச்சு?

டீ வந்தது. எல்லோருக்கும் முழு கிளாஸ், எனக்கு மட்டும் பாதி. பிச்சைக்காரப் புத்தி. ஊற்றியவரிடம், "எனக்கு மட்டும் ஏன் கட்டிங்?" என்று கேட்டேன்.

"புதுசா வாறவங்களுக்கு அரை கிளாஸ்தான் சார். கை நடுங்கும்லா."

"எனக்கு அதெல்லாம் கிடையாது."

அவர் துடைக்கத் துணி நீட்டினார். டீ முழுக்க என் பேண்டில் சிந்தியிருந்தது.

துணிகூட அழுக்குத் துணி.