கலைச்செல்வியின் சேமிப்பைக் கலைத்தவருக்கு

நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றபோது சுவரொட்டியில் உங்கள் முகத்தைப் பார்த்தேன், சார். ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. மைதா வாடை அடித்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு, கீழே ‘மாணவர் வாழ்வில் விளக்கேற்றியவர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டேன். கண்ணீர் வரவில்லை. உங்களிடம் நேரில் சொன்னது போதவில்லை என்று மட்டும் தோன்றியது.

பி.காம். கடைசி வருஷம், ஒரு சனிக்கிழமை மதியம், எங்களை வீட்டுக்கு விடாமல் உட்காரவைத்தீர்கள். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதன் கீழே இரண்டு, அவற்றின் கீழே நான்கு என்று போட்டுக்கொண்டே போனீர்கள். “டிகிரி வாங்கிட்டு வேலைக்கு அலைஞ்சிக்கினு இருக்கப் போறீங்களா, இல்ல இப்பவே செட்டில் ஆவப் போறீங்களா?” என்றீர்கள். மூலிகைப் பொடி டப்பாக்களை நாங்கள் வாங்க வேண்டும், இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், பிறகு பணம் தானாக வரும். எங்களுக்குத் தணிக்கைப் பாடம் நடத்தியவரும் நீங்கள்தான். இன்டர்னல் மார்க்கும் உங்கள் கையில்தான் இருந்தது.

நான் தப்பித்தது புத்தியால் அல்ல. அந்த வருஷம் எங்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடியில் கடலை பிடிக்கவில்லை, கொடுக்கக் காசில்லை. மாட்டியது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலைச்செல்வி. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கருவாடு விற்கிறவர். பிளஸ் ஒன் படிக்கும்போதே டியூஷன் எடுத்து, தபால் ஆபீசில் மாசாமாசம் ஆர்.டி. போட்டுவந்தாள். படிப்பு முடிந்ததும் அந்தப் பணத்தில் பாண்டிச்சேரியில் தங்கி பேங்க் பரீட்சைக்குப் படிப்பது என்று திட்டம். எங்கள் வகுப்பில் படிப்புக்குப் பிறகு என்ன என்று யோசித்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அது உங்கள் காதுக்கு வந்தது. “ஆர்.டி. போட்டு எப்பம்மா பணக்காரி ஆவப் போற?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தீர்கள். மறுவாரம் கணக்கை முடித்துப் பணத்தைக் கொண்டுவந்தாள். அது பத்தாமல் அவள் அம்மாவின் கம்மலும் அடகுக்குப் போனது. குப்பத்தில் அத்தை, சித்தி என்று ஒவ்வொருவராகச் சேர்த்தாள்.

பொங்கலுக்குப் பிறகு அந்த மூலிகைப் பொடிக் கம்பெனி ஆபீசுக்குப் பூட்டுத் தொங்கியது. குப்பத்துச் சனம் கலை வீட்டு வாசலில் வந்து நின்றது. அவளோடு நானும் உங்களைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தேன். நீங்கள் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பிசினஸ்னா முன்ன பின்னதான் இருக்கும். நான் உன்னக் கையப் புடிச்சா இழுத்தேன்?”

கலை வெளியே வந்தாள். கடைசி செமஸ்டர் எழுதவில்லை. திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். அவள் வாங்கிவைத்திருந்த பேங்க் பரீட்சைப் புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கோபம் வந்தால் சிலர் சாப்பிட மாட்டார்கள். நான் படித்தேன், சார். திண்டிவனத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே படித்தேன். முதல் சம்பளத்தில் கலை போட்ட அதே மாதிரி ஆர்.டி. போட்டேன். தூக்கம் வரும்போதெல்லாம் உங்கள் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். விழுப்புரத்தில் பேங்க் வேலை கிடைத்தது.

சில வருஷம் கழித்து, கடைசி வருஷ மாணவர்களுக்குச் சேமிப்பு பற்றிப் பேச எங்கள் மேனேஜர் என்னை நம் கல்லூரிக்கே அனுப்பினார். முன்வரிசையில் பிரின்சிபால், பக்கத்தில் நீங்கள். “என் ஸ்டூடண்ட்” என்று பெருமையாக அறிமுகப்படுத்தினீர்கள். நான் சாக்பீஸ் எடுத்து ஒரு வட்டம் போட்டேன், கீழே இரண்டு, அதற்கும் கீழே நான்கு. இதை யாராவது உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“சார் போன மாசம் போட்டாரு மேடம். இப்ப போன் ஆப்லதான் காசு கட்டணும்.”

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?” என்றீர்கள், மெதுவாக.

“கலையோட அம்மாவுக்குக் கம்மல் இன்னும் வரல சார்” என்றேன்.

பிரின்சிபால் உங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். விசாரணை வந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். பிரிவு உபசார விழா இல்லாமலேயே ஓய்வு பெற்றீர்கள். போன நவம்பரில் பென்ஷனுக்காக உயிர்ச்சான்று கொடுக்க என் கவுன்டருக்கு வந்தீர்கள், கூட்டமே இல்லை. “டோக்கன் எடுத்துட்டு ஒக்காருங்க சார்” என்றேன். நான் சாப்பிட்டு, கை கழுவி, வந்து உட்காரும்வரை காத்திருந்தீர்கள். நீங்கள் உயிரோடு இருப்பதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எனக்கு அது ருசியாக இருந்தது.

நேற்று கலையைப் போனில் கூப்பிட்டு, நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். தையல் மிஷின் சத்தம் நின்றது. “செத்தவரப் போயி என்னா சொல்றது” என்றாள். பிறகு, “எனக்கு மறந்து போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மறக்கல” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் உங்கள் கல்லூரிக்குப் போகிறேன். பிள்ளைகளிடம், சம்பளக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், அதன் கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று சொல்வேன். வேலை போனாலும் சில மாதம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு ஒதுக்கிவைத்த பிறகு மற்றதை வாங்குங்கள் என்பேன். ஆள் சேர்த்தால் காசு என்று எவர் சொன்னாலும், அவர் உங்கள் வாத்தியாராகவே இருந்தாலும், எழுந்து வெளியே போங்கள் என்பேன். அதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்களை நிமிர வைப்பது என் படிப்பில்லை, உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம்தான்.

உங்கள் ஆன்மா சாந்தியடைய நான் வேண்டப்போவதில்லை. நீங்கள் இல்லாமல் இந்தக் கோபம் ஆறிவிடுமோ என்பதுதான், சார், என் பயம்.